பெறுநர்: அமெரிக்க அதிபர்

திங்கட்கிழமை வந்தால் எங்கள் பிழைப்புக்குக் களை வந்துவிடும். மதுரை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும் நாள் அது. காலை ஏழு மணிக்கே வாசலுக்கு எதிரே இருக்கும் வாகை மரத்தடியில் என் மடக்கு மேசையைப் போட்டு, பேப்பர் கட்டுக்கு மேல் ஒரு கருங்கல்லை வைத்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக அங்கே மனு எழுதுகிறேன்; எல்லாருக்கும் நான் ரைட்டரம்மா. என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதால்தான் கூட்டம் என்னிடம் வருகிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்வார்கள். கையெழுத்து யாருக்கு வேண்டும்? நான் முதலில் கேட்கும் கேள்விக்காக வருகிறார்கள்.

"யாருக்கு?" என்று கேட்பேன். வருகிறவர்கள் எல்லாரும் கலெக்டருக்கு என்பார்கள். பட்டா மாற வேண்டுமா, கலெக்டர். தெருவிளக்கு எரியவில்லையா, கலெக்டர். பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டானா, அதற்கும் கலெக்டர். அவர் அதைப் பார்த்துவிட்டு, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய தாசில்தாருக்குத்தான் திருப்பி அனுப்புவார். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே எந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த ஆளைப் பெறுநராகப் போடுவேன். பெரிய ஆட்களை எல்லாம் கடைசியில் 'நகல்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக எழுதுவேன். நகல் எதற்கு என்றால், பெறுநருக்குக் கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்பதற்கு. அதிகாரம் இல்லாத ஆளுக்கு நான் மனு எழுதியதே இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசுவேன். அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வரைக்கும் இருந்தது.

அன்று கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். முன்பு அவரும் அவர் வீட்டுக்காரரும் ஊரார் வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது சொந்தமாக அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறார்கள். ஒரே மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள்; அவள் கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். வழக்கம்போல் யாருக்கு என்று கேட்டேன்.

"அமெரிக்கா ஜனாதிபதிக்கு" என்றார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அந்த அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மகளுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம், முறைப்படி தாய்வீட்டில் பார்க்க வேண்டியது. ஆனால் நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்தில் ஏறவே முடியாது. மாமியாரும் உயிரோடு இல்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அவள் தனியாகக் கிடக்கிறாள். அம்மா போகலாம் என்றால், விசா நேர்காணலுக்குக் கிடைத்த தேதி அடுத்த வருஷக் கடைசியில். அதற்குள் பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும்.

"அவரு நெனைச்சா ஒரு நாட்டையே இல்லாமப் பண்ணிருவாருன்னு டிவில சொல்றாக. எனக்கு ஒரு சீட்டுக் குடுக்க மாட்டாரா?" என்றார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. விசாரித்து வைக்கிறேன், அடுத்த திங்கள் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

விசாரிக்க எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள், எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய். அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தவர். படித்ததைக் கேட்க ஆளில்லாமல் பல வருஷமாக வெள்ளைப் பேப்பரை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தவர். அமெரிக்க அதிபரால் என்ன முடியும் என்று கேட்டதுமே மெஷினை நிறுத்திவிட்டார். வரிசையில் ஆதார் கார்டோடு நின்ற நாலு பேர் என்னை முறைத்தார்கள்.

அரை மணி நேரம் சொன்னார். நான் எனக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் கலெக்டர் ஆபீசாக மாற்றிக்கொண்டே கேட்டேன். ராணுவத்துக்கு அவர்தான் தலைவர், ஆனால் போர் என்று முறைப்படி அறிவிக்கும் அதிகாரம் அந்த ஊர்ப் பார்லிமென்டிடம். சட்டம் போடுவதும் அவர்கள்தான். பிடிக்காத சட்டத்தை இவர் திருப்பி அனுப்பலாம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பேர் கை தூக்கினால் இவரை மீறியும் அது சட்டமாகிவிடும். கஜானாவும் அவர்கள் கையில். அவர்களோடு ஒத்துவரவில்லை என்று சபையைக் கலைக்கவும் இவருக்கு முடியாது. பெரிய நீதிபதிகளை இவர்தான் தேர்ந்தெடுப்பார், மேல்சபை சரி என்றால்தான் பதவி. பதவி ஏறிய பிறகு அந்த நீதிபதி இவருக்கு எதிராகவே தீர்ப்பு எழுதினாலும் இறக்கிவிட முடியாது. எல்லாம் போக, இரண்டு முறைக்கு மேல் தேர்தலில் ஜெயித்து வரவும் முடியாது.

இது என்ன பாய், நம்ம ஊர் மாப்பிள்ளை உத்தியோகம் மாதிரி இருக்கிறதே, முன்னால் உட்கார வைத்து மாலை போடுவார்கள், ஒன்றையும் கேட்க மாட்டார்கள் என்றேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி லேசாக நினைக்கக்கூடாது, அவர் போடும் ஒரு கையெழுத்தில் லட்சம் குடும்பம் இடம் மாறும், குற்றவாளிக்கு யாரையும் கேட்காமல் மன்னிப்புக் கொடுக்கலாம், அதுவும் மத்திய அரசு போட்ட வழக்காக இருந்தால் மட்டும் என்று அடுக்கினார். பிறகு யோசித்து, மேசையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார்.

"அந்தாளு கையில சாவி நெறைய இருக்கு ரைட்டரம்மா. ஆனா முக்காவாசிப் பூட்டு பேங்க் லாக்கர் மாதிரி. இன்னொரு சாவி வேற ஆள்கிட்ட இருக்கும். ரெண்டும் சேந்தாத்தான் தெறக்கும்."

விசாவைப் பற்றிக் கேட்டேன். அதை உடனே சொல்ல அவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் போனில் துழாவிப் படித்துவிட்டு வந்து சொன்னார். இன்ன நாட்டு ஆட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட அதிபருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். இந்தக் கீழக்குயில்குடி அம்மாவுக்கு விசா கொடு என்று சொல்ல இடம் இல்லையாம். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் சென்னைத் தூதரகத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவு. கதவைச் சாத்தத் தெரிந்தவருக்கு ஒரு ஆளுக்காகத் திறக்கத் தெரியாது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்ததும் வேடிக்கை போய்விட்டது.

அடுத்த திங்கள் சொன்னேன். எனக்குத் தொழிலில் ஒரு நெறி இருக்கிறது, அதிகாரம் இல்லாதவருக்கு எழுத மாட்டேன் என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன். அவர் எழுந்து போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, சண்டை போடாமல், தன் கதையைச் சொன்னார். அந்த மகளை அவர் பெற்ற அன்று அவருடைய அம்மா யாருடைய வயலிலோ நாற்று நட்டுக்கொண்டிருந்தாராம். மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் போய்ச் சொல்லியும், நட்டு முடித்துவிட்டுப் போ என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டாராம். அம்மா வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, குளிப்பாட்டியும் ஆகிவிட்டது.

"வலியோட வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன் ரைட்டரம்மா. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு. எம்மக அப்படிக் கெடக்கக்கூடாது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேசையில் உட்கார்ந்து அழுதால் தொழில் கெட்டுவிடும் என்று குனிந்துகொண்டேன். அப்படியே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'பெறுநர்: மாண்புமிகு அமெரிக்க அதிபர் அவர்கள், வெள்ளை மாளிகை' என்று எழுதினேன். நெறி அன்று லீவு போட்டுவிட்டது.

எழுத ஆரம்பித்த பிறகு நான் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. பொருள், வணக்கம், குடும்ப நிலை, டாக்டர் சொன்னது, கோரிக்கை என்று இரண்டு பக்கம். முடிவில் என் ராசியான வரியையும் சேர்த்தேன். 'தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறும்பட்சத்தில், குடும்பத்துடன் தங்கள் மாளிகை முன்பு சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.' மதுரையில் இந்த வரி இல்லாத மனு உப்பில்லாத சோறு. ஆபீசர்கள் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார்கள்.

பாய் தன் போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நகல் வரிசையையும் போட்டேன். மகள் இருக்கும் மாநிலத்தின் மேல்சபைக்காரர்கள் இரண்டு பேர், அவள் குடியிருக்கும் தொகுதியின் கீழ்சபை உறுப்பினர், அந்த மாநில ஆளுநர், சென்னைத் தூதரகம். இவர்களெல்லாம் சும்மா, அதிபர் பயப்படுவதற்காக என்று அக்காவுக்கு விளக்கினேன். மனுவைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினோம். அவள் இங்கிலீஷில் ஆக்கி, அங்கிருந்தே எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கையால் எழுதிய மூலத்தை அக்கா மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைப்பார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மகளே எனக்குப் போன் செய்தாள். நல்ல பெண், ஆன்ட்டி என்று மரியாதையாகத்தான் பேசினாள். அந்த உண்ணாவிரத வரியை எடுத்துவிட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"இங்க ஜனாதிபதிய மெரட்டினா ஜெயில் ஆன்ட்டி. அந்த மாதிரி ஏதாவது விசா ஆபீசர் கண்ணுல பட்டா, அம்மாவுக்கு ஜென்மத்துக்கும் விசா கெடைக்காது."

எனக்கு ரோஷம். உண்ணாவிரதம் என்ன மிரட்டலா? நம் வயிற்றை நாமே காயப்போடுவது. அதில் அவருக்கு என்ன நஷ்டம்? இப்படி வாதாடிவிட்டு, சரி போகட்டும், எடுத்துவிட்டாயே என்று போனை வைத்தேன். சாயங்காலம் அக்காவிடம் போனில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, ஐயோ, அந்தத் தாளை நேற்றே தபாலில் போட்டுவிட்டேனே என்றார்.

மூலம் சாமி படத்துக்குக் கீழே போகவில்லை. மனு என்றால் கையெழுத்துப் போட்ட காகிதமே போய்ச் சேர வேண்டும் என்று அந்த அக்கா, பஸ் பிடித்துப் பெரிய போஸ்டாபீசுக்குப் போய், வெள்ளை மாளிகைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். மதுரையில் மனு கொடுத்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், ரிஜிஸ்டர்ல போடுங்க, ரசீதை விட்ராதீங்க என்று.

அந்தத் தாய் மகளிடம் போய்ச் சேர முடியாமல் போனால் அதற்குக் காரணம் என் ராசியான வரியாக இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் என் எழுத்தால் ஒருவருக்குக் கெடுதல் வந்தது என்ற பேச்சு கிடையாது. பாய் தேற்றினார். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் யார் இருக்கப்போகிறார்கள் என்றார். என் கையெழுத்து யாருக்கும் புரியக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

பத்தாவது நாள் மகளுக்குப் பதில் வந்தது. அதிபரிடமிருந்து இல்லை. நகல் வரிசையில் மூன்றாவதாகப் போட்டிருந்த கீழ்சபை உறுப்பினரின் ஆபீசிலிருந்து. தொகுதியில் குடியிருப்பவர்களின் இந்த மாதிரிக் குறைகளைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் இருக்கிறாளாம். அவள் போன் செய்து விவரம் கேட்டு, ஒரு ஃபாரம் அனுப்பினாள். தன் விவரங்களைத் தூதரகத்திடம் கேட்டறியச் சம்மதம் என்று அக்கா அதில் கையெழுத்துப் போட வேண்டும். என் மேசையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டார். டாக்டர் கடிதத்தையும் சேர்த்து அந்த ஆபீஸ் சென்னைத் தூதரகத்துக்கு எழுதியது. விசா கொடு என்று எழுதவில்லை, அவர்களாலும் அது முடியாது. சீக்கிரம் கூப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும். அடுத்த வருஷத் தேதி அடுத்த மாதத்துக்கு வந்துவிட்டது.

நகல் என்பது பயமுறுத்த என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நகல் வாங்கியவர் தன் வேலையைப் பார்த்துவிட்டார். உலகத்திலேயே பெரிய ஆளுக்குத் தெரியாமலேயே அவர் வீட்டு வாசலில் ஒரு காரியம் நடந்துவிட்டது. பாய்க்குத்தான் தலைகால் புரியவில்லை. சிம்மக்கல்லுக்குப் பேப்பர் கட்டு வாங்கப் போன இடத்தில் மொத்தவிலைக் கடைக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஆனாலும் அந்த ரிஜிஸ்டர் தபால் மனதில் கிடந்து குடைந்தது. நேர்காணலுக்கு முன்பு அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து நானே அதிகாரியாகக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள் என்று பத்துத் தடவை சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினார்.

சென்னைக்குப் போய் வந்த அடுத்த திங்கள், ஒரு பந்து மல்லிகையோடு வந்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், புத்தகத்தில் படித்த மாதிரித் தமிழ் பேசினாளாம். எதற்காகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். வீட்டுக்காரரும் அரை ஏக்கர் மல்லிகையும் இருக்கிறார்கள், பூ பறிக்கத் திரும்பி வர வேண்டும் என்று அக்கா ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மனு அதற்குள் தெரிகிறதாக்கும் என்று நினைத்து, தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜனாதிபதிக்கு எழுதியது, உண்ணாவிரதம் இருப்பேன் என்றது, அது எங்கள் ஊர் வழக்கம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றது வரை.

அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, இப்போதும் உண்ணாவிரதத்தில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டாளாம்.

"இல்ல தாயி, ரெண்டு இட்லி சாப்புட்டுத்தான் வந்தேன்னு சொன்னேன். சிரிச்சிருச்சு அந்தப் புள்ள. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிருச்சு."

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். பாய் சொன்னதும் மூன்று பேருமாக டீ குடித்தோம். அன்று எழுதிய மனுக்களில் எதிலும் நான் உண்ணாவிரத வரியைப் போடவில்லை. அடுத்த திங்கள் முதல் மறுபடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மதுரைக்கு அது வேண்டும்.

எட்டாம் மாதத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை. பிறந்து சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது வீடியோ காலில் வந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் பிள்ளையோடு. எம்மக வாசலப் பாக்கவே இல்ல ரைட்டரம்மா, எங்கையவே புடிச்சுக்கிட்டுக் கெடந்தா என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

பாய் கடையை விட்டு ஓடி வந்து போனுக்குள் தலையை நீட்டினார். அங்கே பிறந்த பிள்ளைதான் அதிபராக முடியும், அவள் அம்மா அப்பா எவ்வளவு பெரிய ஆளானாலும் அது நடக்காது, இவளுக்கு முப்பத்தைந்து வயது ஆனால் தாராளமாக நிற்கலாம் என்று தன் எம்.ஏ.வை எல்லாம் அந்தக் கைக்குழந்தைக்குக் கொட்டினார். அக்கா பிள்ளையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இவ ஜனாதிபதியானா, அம்மாச்சி வாரேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். விசாவக் குடுத்துருவாள்ல?"

எனக்குத் தொழில் நெறி திரும்பி வந்திருந்தது. "முடியாதுக்கா. அப்பவும் அந்த ஜன்னல்ல உக்காந்திருக்க ஆபீசரு கையிலதான் இருக்கு" என்றேன்.

அவர் துளிகூட அசரவில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதுக்கென்ன, ஆபீசருக்கு எழுதிட்டு, இவளுக்கு ஒரு நகல் போட்டுக்குவோம்."